செப்பலின் பிரபுவின் கப்பலும் அதன் கீழே இருந்தவர்களும்

ஜேர்மனியின் தெற்கு எல்லையில், கொன்ஸ்டன்ஸ் ஏரியின் கரையில் இருக்கிறது பிரெட்ரிக்ஸ்ஹாபன். அந்தச் சிறு நகரத்தில் ஒரு மனிதருடைய பெயரைத் தாண்டி நடக்க முடியாது. பல்கலைக்கழகம் அவர் பெயரில் இருக்கிறது, ஏரிக்கரை மண்டபம் அவர் பெயரில் இருக்கிறது, பாடசாலையும் அவர் பெயரில்தான். அண்ணாந்து பார்த்தாலும் அதே பெயர். 75 மீற்றர் நீளமான ஆகாயக் கப்பல் ஒன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தண்ணீருக்கு மேலே மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். அந்தப் பெயருக்குரிய பெர்டினண்ட் வொன் செப்பலின் பிரபு இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

ஆகாயக் கப்பல்களின் வரலாற்றுக்கென்றே ஜேர்மனியில் சில நூதனசாலைகள் இருக்கின்றன. பிராங்பேர்ட் விமான நிலையத்துக்கு அருகே, கப்பல் பணியாளர்களின் குடும்பங்களுக்காக 1930களில் உருவான செப்பலின்ஹைம் என்ற ஊரில் ஒன்று உண்டு. முதலாம் உலகப் போரில் கடற்படையின் ஆகாயக் கப்பல் தளமாக இருந்த நோர்ட்ஹோல்சில் இன்னொன்று உண்டு. ஆனால் கதை தொடங்கிய இடம் பிரெட்ரிக்ஸ்ஹாபன்தான். சுவிஸில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்த நாட்களில் ஒருநாள், ரோமன்ஸ்ஹோர்னில் படகு ஏறி, முக்கால் மணித்தியாலத்துக்குள் நாங்கள் இருவரும் அங்கே இறங்கினோம். இறங்குதுறையோடு ஒட்டியிருக்கிற பழைய துறைமுக ரயில் நிலையம் 1996 முதல் நூதனசாலையாக இருக்கிறது.

எனக்கு அங்கே போக ஒரு காரணம் இருந்தது. ஊடகக் கற்கை படித்தவர்களுக்கு ஹிண்டன்பேர்க் என்ற ஆகாயக் கப்பல் எரிந்து விழும் படம் பாடப்புத்தகம் மாதிரி. 1937 மே 6ஆம் திகதி அமெரிக்காவின் லேக்ஹேர்ஸ்டில் அது எரிந்தபோது கமெராக்களும் வானொலி அறிவிப்பாளரும் ஏற்கெனவே அங்கே நின்றார்கள். இறந்தவர்கள் 36 பேர். அந்த 36 பேரின் சாவை உலகம் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதே வகைக் கப்பல்கள் அதற்கு இருபது வருடங்களுக்கு முன்னர் இரவுகளில் கொன்றவர்களின் தொகை இதைப்போலப் பல மடங்கு. அவர்களுக்குப் படம் இல்லை. இந்த வித்தியாசம் எப்படி உண்டானது என்று விளங்கிக்கொள்ள, கப்பலைச் செய்த மனிதரின் வாழ்க்கையைத் தொடக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும்.

செப்பலின் 1838 ஜூலை 8ஆம் திகதி, அதே ஏரியின் கரையில் உள்ள கொன்ஸ்டன்ஸ் நகரில் பிறந்தார். வசதியான பிரபுக் குடும்பம். வளர்ந்தது ஏரிக்கு அந்தப் பக்கம், சுவிஸ் மண்ணில் இருந்த குடும்ப மாளிகையில். 1855இல் இராணுவக் கல்லூரியில் சேர்ந்து, இருபது வயதில் வூர்ட்டம்பேர்க் இராச்சியத்தின் படையில் அதிகாரியானார். அவருடைய வாழ்க்கையை ஒரு கண்டுபிடிப்பாளரின் வாழ்க்கையாகச் சொல்கிற புத்தகங்கள் இந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிவிடும். உண்மையில் அவர் ஐம்பது வயது கடக்கும் வரை முழுநேர இராணுவத்தான்.

1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பார்ப்பதற்காக அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார். ஜனாதிபதி லிங்கனைச் சந்தித்தார், வடபகுதிப் படைகளோடு சில வாரங்கள் திரிந்தார். பிறகு மினசோட்டாவின் செயின்ட் போல் நகரில், அந்த ஆண்டு ஓகஸ்ட் 19ஆம் திகதி, ஜோன் ஸ்டைனர் என்ற பலூன்காரரின் பலூனில் ஏறி முதன்முதலாக நிலத்தை மேலிருந்து பார்த்தார். வயது 25. மேலே போன மற்றவர்களுக்கு ஆறும் காடும் தெரிந்திருக்கும். அவர் அதைப் பற்றித் தகப்பனுக்கு எழுதியபோது, படை எங்கே நிற்கும், எதிரியை எங்கிருந்து வேவு பார்க்கலாம் என்றுதான் நிலத்தை அளந்தார்.

அடுத்து 1870இல் பிரான்சுக்கு எதிரான போர். எதிரிப் பிரதேசத்துக்குள் வேவு பார்க்கப் போன சிறு குதிரைப்படைக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். பிரெஞ்சுப் படை சுற்றிவளைத்தபோது தப்பித்து வந்தவர் அவர் மட்டுமே. நாடு அவரை அறிந்தது அப்போதுதான். அதே போரில் முற்றுகையிடப்பட்ட பரிஸ் நகரத்திலிருந்து கடிதங்களையும் ஆட்களையும் ஏற்றிய பலூன்கள் ஜேர்மன் படைகளின் தலைக்கு மேலால் பறந்து போயின. ஆனால் பலூன் காற்று போகும் பக்கம்தான் போகும். நினைத்த திசையில் செலுத்தக்கூடிய பெரிய கப்பல் ஒன்றைப் பற்றி 1874இல் தன் நாட்குறிப்பில் அவர் எழுதத் தொடங்கினார். 1887இல் வூர்ட்டம்பேர்க் மன்னருக்கு ஓர் அறிக்கையே கொடுத்தார். செலுத்தக்கூடிய பலூனில் பிரான்ஸ் முந்திவிட்டது, எங்கள் படைக்கும் அது தேவை என்பதே அதன் சாரம்.

1890இல் அவருடைய இராணுவ வாழ்க்கை கசப்போடு முடிந்தது. தன் இராச்சியத்தின் படைகள் பிரஷ்யர்களுக்கு அடங்கிப்போக வேண்டியிருப்பதை விமர்சித்து அவர் எழுதியது பேர்லினில் பிடிக்கவில்லை. அந்த ஆண்டின் படைப்பயிற்சியில் அவருக்கு மோசமான மதிப்பீடு கொடுக்கப்பட்டது. 52 வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவமானப்பட்ட ஒரு ஜெனரல், கையில் பணம், மண்டைக்குள் ஒரு கப்பல். இங்கிருந்துதான் எல்லோருக்கும் தெரிந்த கதை தொடங்குகிறது.

அவருடைய யோசனை எளிமையானது. பலூன்போல உறையை மட்டும் ஊதாமல், அலுமினியத்தால் நீளமான எலும்புக்கூடு ஒன்றைக் கட்டுவது. அதற்குள் ஐதரசன் நிரப்பிய பல தனித்தனிப் பைகளை அடுக்குவது. ஒன்று கிழிந்தாலும் மற்றவை தாங்கும். வெளியே துணி போர்த்தி, கீழே இயந்திரங்களைத் தொங்கவிடுவது. 1894இல் இந்தத் திட்டத்தை ஆராய்ந்த அரச குழு அதை நிராகரித்தது. குழுவின் தலைவர் புகழ்பெற்ற பௌதிகவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். செப்பலின் விடவில்லை. 1898இல் 8 இலட்சம் மார்க் மூலதனத்தில் கம்பனி தொடங்கினார். பாதிக்கு மேல் அவருடைய சொந்தக் காசு.

1900 ஜூலை 2ஆம் திகதி மாலை, ஏரியில் மிதந்த கொட்டகை ஒன்றிலிருந்து முதல் கப்பலை வெளியே இழுத்தார்கள். நீளம் 128 மீற்றர். ஐந்து பேரோடு கிட்டத்தட்ட 18 நிமிடம் பறந்தது. அதே ஆண்டில் இன்னும் இரண்டு முறை பறந்ததோடு பணம் தீர்ந்து கம்பனி கலைக்கப்பட்டது. ஊரார் அவரை விசர் பிடித்த பிரபு என்று கேலி பண்ணினார்கள். நன்கொடை, லொத்தர், மனைவி இசபெல்லாவின் குடும்பச் சொத்தை ஈடு வைத்த பணம் எல்லாம் சேர்த்துக் கட்டிய இரண்டாவது கப்பல் 1906 ஜனவரியில் ஒரே நாள் காற்றில் சின்னாபின்னமானது. அந்த ஆண்டு ஒக்டோபரில் பறந்த மூன்றாவது கப்பல்தான் அவரைக் காப்பாற்றியது.

இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ஹியூகோ எக்கனர். உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, பிரெட்ரிக்ஸ்ஹாபனில் இருந்துகொண்டு பிராங்பேர்ட் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிவந்தவர். கப்பலின் வேகம் போதாது, பலவீனங்கள் பல என்று தயங்காமல் எழுதினார். அதை வாசித்த பிரபு கோபித்துக்கொண்டு இருந்துவிடவில்லை, எழுதியவரின் வீட்டு வாசலுக்கே நேரில் போனார். இருவரும் பேசினார்கள். சில வருடங்களில் அந்த விமர்சகர் பிரபுவின் விளம்பர வேலைகளைப் பார்க்கிறவரானார். பிறகு கப்பலையே செலுத்தக் கற்று, உலகப் புகழ்பெற்ற கப்டனாகவும் ஆனார். ஒரு செய்தியாளர் கரை மாறுகிற கதை இது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட ஆட்களைத் தெரியாமல் இருக்காது.

பத்திரிகைகள் என்ன செய்யும் என்பது 1908இல் தெரிந்தது. 24 மணித்தியாலம் தொடர்ந்து பறந்து காட்டினால் இராணுவம் கப்பலை வாங்கும் என்ற நிபந்தனை இருந்தது. நான்காவது கப்பல் ஓகஸ்ட் 4ஆம் திகதி புறப்பட்டது. வழியெங்கும் சனம் கூரைகளில் ஏறி நின்று கையசைத்தது. மறுநாள் இயந்திரக் கோளாறால் ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே எக்டர்டிங்கனில் இறக்கினார்கள். பிற்பகலில் வந்த புயற்காற்று கட்டுகளை அறுத்துக் கப்பலைத் தூக்கியெறிய, அது தீப்பற்றி எரிந்து முடிந்தது. எழுபது வயது மனிதர் எரிந்த எலும்புக்கூட்டின் முன்னால் நின்றார்.

எல்லாம் போய்விட்டது என்று நினைத்த அந்த நேரத்தில்தான் நாடு முழுவதிலும் இருந்து காசு வரத் தொடங்கியது. பத்திரிகைகள் நிதி திரட்டின. தொழிலாளர்கள் கொடுத்தார்கள், பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொடுத்தார்கள். 60 இலட்சம் மார்க்குக்கு மேல் சேர்ந்தது. தோல்வி ஒன்றுக்கு ஒரு தேசம் கொடுத்த பரிசு அது. அந்தக் காசில் தொழிற்சாலை எழுந்தது, செப்பலின் அறக்கட்டளையும் உருவானது. அன்றிலிருந்து கப்பல் ஒரு தனி மனிதருடைய சொத்தாக இல்லை, எல்லோருக்கும் அதில் பங்கு இருந்தது. நன்மையிலும் பங்கு, பிறகு வந்ததிலும் பங்கு.

1909 நவம்பரில் உலகின் முதல் விமானப் போக்குவரத்துக் கம்பனி இந்தக் கப்பல்களை வைத்துத் தொடங்கப்பட்டது. 1914 வரை 1,588 பறப்புகள். ஏறியவர்கள் 34,000க்கும் மேல். ஒரு பயணிகூட இறக்கவில்லை. நூதனசாலைகள் பெருமையோடு சொல்லும் கணக்கு இது. ஆனால் பிரபுவுக்கு அந்த வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை. பணக்காரர்களை ஏற்றி இறக்குவதற்காகவா இத்தனை பாடுபட்டேன் என்ற எண்ணம் அவருக்கு. அவருடைய கண்ணில் அது கடைசிவரை இராணுவக் கருவி. 1913இல் கடற்படைக்குக் கொடுத்த இரண்டு கப்பல்கள் அடுத்தடுத்த மாதங்களில் அழிந்து 42 பேர் இறந்த பிறகும் அவர் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

1914 ஓகஸ்டில் போர் தொடங்கியது. முதல் வாரத்திலேயே ஆகாயக் கப்பல் ஒன்று பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தின் மீது குண்டு போட்டது. பிறகு அன்ட்வேர்ப். அன்ட்வேர்ப் மீது குண்டு போட்டவற்றுள் சாக்சன் என்ற கப்பலும் ஒன்று. சில மாதங்களுக்கு முன்வரை உல்லாசப் பயணிகள் கண்ணாடி யன்னலோரம் இருந்து ஊர் பார்த்த கப்பல் அது.

1915 ஜனவரி 19ஆம் திகதி இரவு, கப்பல்கள் கடல் கடந்து இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு வந்தன. கிரேட் யார்மவுத், கிங்ஸ் லின் என்ற இரண்டு ஊர்களில் நான்கு பேர் இறந்தார்கள். ஒருவர் செருப்புத் தைக்கிறவர். ஒருவர் எழுபது வயது கடந்த மூதாட்டி. ஒருவர் 14 வயதுச் சிறுவன். நான்காமவர், கணவனைச் சில மாதங்களுக்கு முன்னர்தான் போர்முனையில் பறிகொடுத்த இளம் பெண். மே 31ஆம் திகதி இரவு லண்டன் மீது முதல் தாக்குதல். 7 பேர் இறந்தார்கள். போர் முடியும்வரை பிரித்தானியா மீது ஆகாயக் கப்பல்கள் நடத்திய தாக்குதல்கள் 51. கொல்லப்பட்டவர்கள் 557 பேர், காயமடைந்தவர்கள் 1,358 பேர். பின்னால் வந்த போர்களின் கணக்கோடு பார்த்தால் சிறிய எண்ணிக்கை. ஆனால் போர்முனையில் இருந்து வெகு தூரத்தில், தன் வீட்டில் படுத்திருப்பவரை மேலிருந்து கொல்லலாம் என்ற வழக்கம் இந்த இரவுகளில்தான் நிலைபெற்றது.

அந்த நாட்களில் ஜேர்மன் பிள்ளைகள், செப்பலின் இங்கிலாந்துக்குப் பறந்துபோய் அதை எரிக்கவேண்டும் என்ற கருத்தில் பாட்டுப் பாடினார்கள். ஆறேழு வருடங்களுக்கு முன்னர் உண்டியல் உடைத்த பிள்ளைகளின் தம்பி தங்கைகள் அவர்கள். கப்பல் கட்டத் தேவையான வாயுப் பைகள் மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வால் செய்யப்பட்டவை. ஒரு கப்பலுக்கு இலட்சக்கணக்கான மாடுகளின் குடல் வேண்டும். அதனால் சொசேஜ் செய்வதற்குக்கூடத் தட்டுப்பாடு வந்தது. ஒரு தேசத்தின் சமையலறை வரை அந்த ஆயுதம் நுழைந்திருந்தது.

நூதனசாலையில் போரும் சொல்லப்படுகிறது, மறைக்கவில்லை. ஆனால் கூட்டம் நிற்கிற இடம் வேறு. 245 மீற்றர் நீளமான ஹிண்டன்பேர்க்கின் 33 மீற்றர் துண்டை அச்சொட்டாகத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். படியேறி உள்ளே போகலாம். மெல்லிய சுவர்கள், அடுக்குக் கட்டில் வைத்த குட்டி அறைகள், கீழே சரிந்த யன்னல்கள். வருகிற எல்லோரும் அந்த யன்னலோரம் நின்று படம் எடுக்கிறார்கள். உள்ளே நிற்கும்போது நீங்கள் பயணி. மேலிருந்து பார்ப்பவர்.

சின்னம்மா ஏறவில்லை. வன்னியில் பல வருடங்கள் பங்கருக்குள் ஓடியவர். கீழேயே, அந்தப் பெரிய வயிற்றுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, இது வரும்போது முதலே சத்தம் கேட்குமோ என்று கேட்டார். கேட்கும் என்றேன். இயந்திரங்களின் இரைச்சல் தூரத்திலேயே கேட்கும். ஆனால் அது என்ன சத்தம் என்று அந்தச் சனத்துக்கு முதலில் தெரியாது. தொடக்க நாட்களில் ஒளிந்துகொள்வதற்குப் பதிலாகப் பலர் வீதிக்கு இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். சின்னம்மா தலையாட்டினார், வேறொன்றும் கேட்கவில்லை. வானத்தில் இருந்து வரும் சத்தங்களைப் பிரித்தறியப் பழகிய எங்கள் சனத்துக்கு, அதை ஒரு தலைமுறை முதன்முதலாகக் கற்றுக்கொண்ட இடம் எது என்பது தெரியாது. அது இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலும் லண்டனின் ஏழைத் தெருக்களிலும் பெல்ஜிய நகரங்களிலும் கற்கப்பட்ட பாடம்.

செப்பலின் அந்தத் தாக்குதல்களை எதிர்த்தாரா? இல்லை, வெளிப்படையாக ஆதரித்தார். அவரை வருத்தியது வேறு விடயம். கப்பல் நினைத்ததுபோல் வெல்லவில்லை. 1916இல் தீப்பிடிக்கும் குண்டுகளோடு எதிர்த்துவந்த விமானங்கள் ஐதரசன் நிறைந்த கப்பல்களைக் கொளுத்தின. மேலே இருந்த மாலுமிகளுக்குக் குதிப்பதா எரிவதா என்ற தெரிவு மட்டும் மிஞ்சியது. பிரபு அதற்கு முன்னரே ஆகாயக் கப்பலில் நம்பிக்கை குறைந்து, தொழிலதிபர் ரொபர்ட் பொஷ்ஷோடு சேர்ந்து இராட்சத விமானங்கள் செய்யும் வேலையில் இறங்கியிருந்தார். அந்த விமானங்கள் லண்டன் மீது குண்டு போட்டதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1917 மார்ச் 8ஆம் திகதி, 78 வயதில், பேர்லினில் இறந்தார். ஸ்டுட்கார்ட்டில் புதைத்தார்கள்.

அவர் இறந்த பிறகு அவருடைய பெயர் திரும்பவும் வெள்ளையாக்கப்பட்டது. 1928இல், அவருடைய தொண்ணூறாவது பிறந்த நாளில், மகள் ஹெல்லா புதிய கப்பலுக்குத் தகப்பனின் பெயரைச் சூட்டினார். எக்கனர் அதை அடுத்த ஆண்டு உலகைச் சுற்றிச் செலுத்தினார். டோக்கியோவிலும் லொஸ் ஏஞ்சல்சிலும் சனம் திரண்டது. குண்டு போட்ட கப்பல் பத்தே வருடத்தில் சமாதானத்தின் அடையாளமானது. பிறகு நாஜிகள் அதன் வாலில் சுவஸ்திகாவை வரைந்தார்கள். கடைசியில் 1940இல் கோரிங்கின் உத்தரவில் அது உடைக்கப்பட்டது, உலோகம் போருக்குப் போனது.

அடுத்த போரில் பிரெட்ரிக்ஸ்ஹாபன் இந்தக் கதையின் மறுபக்கத்தில் நின்றது. செப்பலின் கம்பனி லண்டனைத் தாக்கிய வி-2 ஏவுகணைக்குப் பாகங்கள் செய்தது. வேலை செய்தவர்களில் டக்காவு வதைமுகாமின் கைதிகளும் இருந்தார்கள். நேச நாட்டு விமானங்கள் நகரத்தைத் திரும்பத் திரும்பத் தாக்கின. 1944 ஏப்ரல் 28ஆம் திகதி அதிகாலை நடந்த தாக்குதல்தான் ஆகக் கொடியது. போர் முடிந்தபோது நகரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. தொழிற்சாலைகளை நிலத்துக்கடியில் கொண்டுபோக ஊபர்லிங்கனில் சுரங்கம் தோண்டினார்கள். தோண்டியவர்கள் கிட்டத்தட்ட 800 கைதிகள். இறந்தவர்களில் 97 பேர் ஏரிக்கரையில் பிர்னாவ் தேவாலயத்துக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஆகாயக் கப்பல் பார்க்கப் போகிறவர்கள் அந்தச் சுரங்கத்தையும் மயானத்தையும் பார்க்காமல் திரும்பினால் பாதிதான் பார்த்ததாகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. 1908இல் அறக்கட்டளையை உருவாக்கியபோது செப்பலின் ஒரு நிபந்தனை எழுதிவைத்தார். ஆகாயக் கப்பல் வேலை ஒருநாள் நடக்காமல் போனால், சொத்து முழுவதும் பிரெட்ரிக்ஸ்ஹாபன் நகரத்தின் பொறுப்பில், பொதுநலத்துக்குப் போகவேண்டும். 1947இல், நகரம் இடிபாடாகக் கிடந்தபோது, அப்படியே நடந்தது. வாகனப் பாகங்கள் செய்யும் பெரிய கம்பனியான ஸெட்.எஃப்.இன் பெரும்பகுதி இன்று அந்த அறக்கட்டளைக்குச் சொந்தம். அதன் வருமானத்தில் நகரத்தின் முன்பள்ளிகளுக்கும் முதியோருக்கும் கலைகளுக்கும் பணம் போகிறது. குண்டு போட்ட கப்பலின் முதலில் இருந்து இன்றைக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

செப்பலினை அசுரனாக்க எனக்கு விருப்பமில்லை. விடாமுயற்சிக்கு உதாரணமாகப் பாடப்புத்தகத்தில் வைக்கவும் விருப்பமில்லை. அவர் தன் நாட்டை நேசித்தார், தன் காசைக் கொட்டினார், தோற்றார், எழுந்தார். முதல் பலூனில் ஏறிய நாளில் இருந்து கடைசிவரை மேலிருந்துதான் நிலத்தைப் பார்த்தார். கீழே இருப்பவர் அவருடைய கணக்கில் ஒருபோதும் வரவில்லை. அவருடைய வாழ்க்கையைத் திரும்பச் சொல்கிறவர்களும் அநேகமாக அதே உயரத்தில் நின்றே சொல்கிறார்கள்.

நூதனசாலையின் மேல்மாடியில் ஓவியங்கள் இருக்கின்றன. ஓட்டோ டிக்ஸின் படைப்புகளும் அந்தச் சேகரிப்பில் உண்டு. முதலாம் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கி பிடித்த படைவீரர் அவர். போரின் சிதைந்த உடல்களை வரைந்ததற்காக நாஜிகளால் வேலை நீக்கப்பட்டு, இந்த ஏரிக்கரைக்கே வந்து குடியிருந்தவர். பதுங்குகுழியின் சேற்றுக்குள் நின்று போரைப் பார்த்த ஒருவரின் கைவேலை, பிரபுவின் கப்பலுக்கு மேலே இருக்கிறது. அங்கே போகிறவர்கள் ஹிண்டன்பேர்க்கின் யன்னலோரம் படம் எடுத்த கையோடு வெளியேறிவிடாமல், அந்த மாடிக்கும் ஏறவேண்டும்.